மூன்றெழுத்துச் சொல், 645 பொருள்

ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் தொகுப்பாளர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒரே ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதம் உழைத்தார். லத்தீனிலிருந்து வந்த நீளமான மருத்துவச் சொல்லாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் எடுத்துக்கொண்டது, ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தை முதல் ஆண்டிலேயே கற்றுவிடும் ‘ரன்’. 2011-இல் அந்த வேலை பேசப்பட்டபோது வெளிவந்த கணக்கு பலரையும் திகைக்க வைத்தது. வினைச்சொல்லாக வரும் ‘ரன்’னுக்கு மட்டும் 645 பொருள்கள். பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’ இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அதுவரை இந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தது ‘செட்’ என்ற இன்னொரு மூன்றெழுத்துச் சொல். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த அதே அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’டின் வினை வடிவத்துக்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. விளக்கமும் எடுத்துக்காட்டுமாக அந்தப் பதிவு ஏறத்தாழ 60,000 சொற்களுக்கு நீண்டது. ஒரு சிறு நாவலின் நீளம் அது. அந்த ‘செட்’டைத்தான் ‘ரன்’ முந்தியது.

கிரிக்கெட்டில் எடுக்கும் ரன் தமிழ்நாட்டில் பாமரருக்கும் தெரியும். ‘ரன் அவுட்’டும் தெரியும். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோனாலும், கெடு முடிந்துபோனாலும், பொறுமை போய்விட்டாலும் இதே இரண்டு சொற்களைத்தான் சொல்கிறார். மூக்கு ஒழுகினால் ரன். காய்ச்சல் அடித்தால் ரன். துவைத்த துணியில் சாயம் போனால் ரன். குளிக்கத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டால் ரன். சிவப்பு விளக்கை மதிக்காமல் வண்டியை விட்டால் ரன். பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டால் ரன். சர்க்கரை நோய் அப்பா, தாத்தா வழியாக வருகிறது என்று சொல்லவும் ரன்தான்.

வங்கிக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள உறவு தனிக்கதை. வங்கி திவாலாகப் போகிறது என்ற பேச்சு பரவி, போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘பேங்க் ரன்’ என்று பெயர். பிரிட்டனில் 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு வெளியே மக்கள் வரிசையில் காத்து நின்ற படங்கள் உலகம் முழுவதும் வெளியாயின. 2023 மார்ச் 9-ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாள் அரசு அந்த வங்கியை மூடியது. அவர்களில் பெரும்பாலோர் கிளைக்கு ஓடவில்லை. இருந்த இடத்திலிருந்தே கைப்பேசியிலும் கணினியிலும் பணத்தை மாற்ற முயன்றார்கள். கால்களுக்கு வேலை போன பிறகும் பெயர் ‘ரன்’ என்றே நிற்கிறது. சொற்கள் இப்படித்தான் வளர்கின்றன. பழைய காட்சி மறைந்துவிடும், அதை ஒட்டிப் பிறந்த பொருள் தங்கிவிடும்.

தேர்தலுக்கு வருவோம். அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ‘ஓடுகிறார்’. பிரிட்டன் வேட்பாளர் ‘நிற்கிறார்’. நம் ஊரிலும் வார்டு கவுன்சிலர் முதல் எம்.பி. வரை நிற்பதுதான் வழக்கம். அமெரிக்கர்களின் அரசியல் பேச்சில் குதிரைப் பந்தய வாடை அதிகம். குடியரசுத் தலைவர் வேட்பாளருடன் துணைத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவரை ‘ரன்னிங் மேட்’ என்கிறார்கள். பந்தயத்தில் ஒரு குதிரைக்கு ஈடு கொடுத்து ஓட, அதே லாயத்திலிருந்து இறக்கப்படும் துணைக்குதிரைக்கு முதலில் வழங்கிய பெயர் அது. முதல் சில இடங்களுக்குள் வராத குதிரைகளைப் பத்திரிகைகள் கடைசியில் ‘இவையும் ஓடின’ என்று பட்டியலிட்டன. அதிலிருந்து, எதிலும் சோபிக்காமல் போனவருக்கு ‘ஆல்ஸோ ரேன்’ என்ற பெயர் வந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21-இல் வர்ஜீனியாவில் ‘புல் ரன்’ என்ற இடத்தில் நடந்தது. பெயரைக் கேட்டால் காளைகள் ஓடியதாகத் தோன்றும். அங்கே ‘ரன்’ என்றால் சிற்றோடை. வட மாநிலத்தவர் ஓடையின் பெயரால் அந்தப் போரை அழைத்தார்கள். தென் மாநிலத்தவர் பக்கத்து ஊரின் பெயரால் மனாசஸ் போர் என்றார்கள்.

ஓடைக்கு அந்தப் பெயர் வந்ததில் ஒரு பழைய உண்மை ஒளிந்திருக்கிறது. ‘ரன்’னின் மூதாதைச் சொற்கள் பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்றும், எழுத்து இடம் மாறி ‘இர்னன்’ என்றும் வழங்கின. சதை என்பது தசை என்றும், விசிறி என்பது சிவிறி என்றும் மாறுவதைத் தமிழ் இலக்கணம் இலக்கணப் போலி என்கிறதே, அந்த மாதிரி மாற்றம்தான். அந்தப் பழஞ்சொற்கள் காலால் ஓடுவதையும் குறித்தன, நீர் பாய்வதையும் குறித்தன. இன்றைய ஜெர்மன் மொழியில் ‘ரின்னென்’ என்றால் ஒழுகுவது, வழிவது மட்டுமே. ஆங்கிலமோ இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டது. மூக்கு ஒழுகுவதற்கும் சாயம் பரவுவதற்கும் குழாயில் தண்ணீர் வருவதற்கும் ‘ரன்’ பொருந்துவது இந்தப் பக்கத்திலிருந்துதான்.

ஆனால் இந்தச் சொல்லைப் பெருக வைத்தது ஆறோ காலோ இல்லை, இயந்திரம். எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் 2011-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத்தான் சுட்டினார். தொழிற்புரட்சிக்குப் பிறகு ரயில் ஓடியது, நூற்பாலை ஓடியது, கடிகாரம் ஓடியது, மோட்டார் ஓடியது. புதிதாக வந்த ஒவ்வொரு பொறிக்கும் ஒரு வினைச்சொல் தேவைப்பட்டபோது ஆங்கிலேயர் பழைய ‘ரன்’னையே எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு கணினி வந்தது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் நிரல்மொழி 1964 மே 1-ஆம் தேதி முதன்முதலாக இயங்கியது. நிரலைத் தட்டச்சு செய்துவிட்டு, அதை இயக்க மாணவர்கள் அடித்த கட்டளை ‘ரன்’. இன்றைக்குச் சென்னையிலும் கோவையிலும் மென்பொருள் எழுதுகிறவர்கள் ‘கோடு ரன் ஆகலை’ என்று புலம்பும்போது அந்த 1964-ஆம் ஆண்டுக் கட்டளையின் வழித்தோன்றலைத்தான் பேசுகிறார்கள்.

இதையெல்லாம் கேட்டு ஆங்கிலம் ஒரு விநோத மொழி என்று தமிழர் நினைக்கத் தேவையில்லை. நம் ‘ஓடு’ வினையும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் வந்திருக்கிறது. பையன் ஓடுகிறான், ஆறு ஓடுகிறது, நரம்பில் ரத்தம் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, நாள் ஓடுகிறது, கடை ஏதோ ஓடுகிறது, கவலையில் வேலை ஓடவில்லை. காதலித்தவர்கள் வீட்டுக்குத் தெரியாமல் போனால் ஓடிப்போய்விட்டார்கள். ‘ஓட்டு’ என்று மாற்றினால் வண்டியை ஓட்டலாம், மாட்டை ஓட்டலாம், குடும்பத்தை ஓட்டலாம், நண்பனைக் கேலி செய்தும் ஓட்டலாம். உடம்பு, நீர், இயந்திரம், காலம் என்ற அதே வரிசை இரண்டு மொழியிலும் தென்படுகிறது. மனிதர் எங்கே வாழ்ந்தாலும், தெரியாத இயக்கத்தைத் தெரிந்த இயக்கத்தின் பெயரால் சொல்லிப் பார்ப்பதுதான் இதற்குக் காரணம்.

பாதைகள் பிரியும் இடமும் உண்டு. ஆங்கிலேயர் கம்பெனியை ‘ஓட்டுகிறார்’, பள்ளியை ‘ஓட்டுகிறார்’. தமிழர் அவற்றை ‘நடத்துகிறார்’. நட என்பதிலிருந்து வந்தது நடத்து. ஒரே நிறுவனம் ஆங்கிலத்தில் ஓடுகிறது, தமிழில் நடக்கிறது. ஆங்கிலத்தில் சாலை ஆற்றோரமாக ‘ஓடும்’. தமிழில் ‘இந்த ரோடு எங்கே போகுது?’ என்றுதான் கேட்கிறோம். ஒரு மொழிக்காரர் மற்ற மொழியைப் பேசும்போது தடுமாறுவது இந்தத் திருப்பங்களில்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கூரையில் வேயும் ஓடும் ஓடுகிற ஓடும் ஒலியில் ஒன்று, பிறப்பில் வேறு. ஆங்கிலத்தில் வௌவாலும் கிரிக்கெட் மட்டையும் ‘பேட்’ என்றே ஒலிக்கின்றன. அவையும் வெவ்வேறு வேரிலிருந்து வந்து தற்செயலாக ஒன்றுபோல் ஆனவை. ‘ரன்’னின் 645 பொருள்கள் அப்படிப்பட்டவை அல்ல. ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தவை. ஒரு சொல் பல பொருள்களாக விரியும் இந்தத் தன்மைக்குப் பிரெஞ்சு அறிஞர் மிஷெல் பிரெயால் 1897-இல் வெளியிட்ட நூலில் ‘பாலிசெமி’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழ் நிகண்டுகளின் ஆசிரியர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதில் கவனம் செலுத்தினார்கள். திவாகர நிகண்டின் 12 தொகுதிகளில் பதினோராவது முழுவதும் ‘ஒருசொல் பல்பொருள்’ பற்றியது.

இத்தனை பொருளையும் ஒருவர் எப்படி எண்ணுகிறார்? ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி பிறந்த கதையில் விடை இருக்கிறது. 1879-இல் ஆசிரியர் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மர்ரே, ஆங்கிலம் படிக்கும் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நூல்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் எந்த வாக்கியத்தில் எப்படி வருகிறது என்று சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்றார். சீட்டுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, சுவர் நிறைய அறைகள் அமைத்து, அவற்றை அடுக்கினார். அவருடைய பிள்ளைகள் கைச்செலவுக் காசுக்காகச் சீட்டுகளை அகரவரிசைப்படுத்திக் கொடுத்தார்கள். முதல் பகுதி 1884-இல் வந்தது. கடைசிப் பகுதி 1928-இல் வந்தபோது மர்ரே இல்லை. 1915-இல் இறந்துவிட்டார்.

அந்தச் சீட்டுகளைப் பிரித்தபோது மர்ரே கண்ட ஒரு குறை, இன்றைய மாணவர்களுக்கும் அப்படியே பொருந்தும். படித்து எழுதி அனுப்பியவர்கள் அரிய சொற்களைத்தான் தேடித் தேடிப் பொறுக்கியிருந்தார்கள். ‘அப்யூஷன்’ என்ற வழக்கொழிந்த சொல்லுக்குச் சுமார் 50 சீட்டுகள் இருந்தன. எல்லோரும் தினமும் பயன்படுத்தும் ‘அப்யூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. தெரிந்த சொல்தானே என்று கண்கள் அதைக் கடந்து போயிருந்தன. விடுபட்ட எளிய சொற்களுக்காக அவரும் உதவியாளர்களும் மறுபடி தேட வேண்டியதாயிற்று.

சீட்டுகள் வந்த பிறகுதான் உண்மையான பாடு. மேசையில் பரப்பி, ஒரே பொருள் தருபவற்றை ஒரு கட்டாகவும் சற்றே விலகுபவற்றை இன்னொரு கட்டாகவும் பிரிக்க வேண்டும். பேருந்து ஓடுவதும் படகு ஓடுவதும் ஒரே பொருளா, இரண்டா? அகராதிக்காரர்களில் சிலர் சேர்த்துக் கட்டும் இயல்புடையவர்கள், சிலர் நுணுக்கமாகப் பிரிப்பவர்கள். அதனால் 645 என்பது எடை போட்டுச் சொன்ன எண்ணைப் போன்றது ஆகாது. வேறொரு அகராதி நூறிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் கில்லிவர் ஒன்பது மாதம் வகைப்படுத்திப் பார்த்தது கற்பனைப் பிரிவுகளை அல்ல. ஒவ்வொரு கட்டுக்குப் பின்னாலும் யாரோ எங்கோ எழுதிய வாக்கியங்கள் இருந்தன.

சின்னச் சொற்கள்தான் இப்படிப் பெருகுகின்றன. அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிஃப் 1945-இல் இதை எண்ணிக் காட்டினார். ஒரு சொல் எவ்வளவு அதிகமாகப் புழங்குகிறதோ அவ்வளவு அதிகப் பொருள்களை அது சேர்த்துக்கொள்கிறது. புதிய பொருளுக்குப் புதிய சொல் கண்டுபிடித்து எல்லோரையும் ஏற்க வைப்பது கடினம். நாக்கில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை நீட்டிப் பயன்படுத்துவது எளிது. மக்கள் எளிய வழியைத் தேர்ந்துகொள்கிறார்கள்.

அப்படியானால் ஆங்கிலேயர் குழம்பிப் போகாமல் இருப்பது எப்படி? டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான விடை தருகிறது. ‘பக்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் பூச்சி என்றும், ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள் உண்டு. பூச்சியைப் பற்றிய வாக்கியத்தில் அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில் கேட்பவர் மூளையில் இரண்டு பொருளும் எழுகின்றன. மூன்று அசை தாண்டுவதற்குள் பொருந்தாத பொருள் அடங்கிவிடுகிறது. கேட்டவருக்கு அது எழுந்ததே தெரியாது. பிரிட்டன் மொழியியலாளர் ஜே.ஆர். ஃபிர்த் ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறிய வேண்டும் என்று வலியுறுத்தியதும் இதனோடு பொருந்துகிறது. மூக்கு பக்கத்தில் இருந்தால் ஒரு ‘ரன்’, வங்கி பக்கத்தில் இருந்தால் இன்னொரு ‘ரன்’.

இயந்திரங்களுக்கு இது நெடுநாள் பிடிபடவில்லை. 1949-இல் வாரன் வீவர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், ஒரு சொல்லை மட்டும் ஓட்டை வழியே பார்த்தால் பொருள் தெரியாது, இருபுறமும் சில சொற்கள் தெரியும்படி ஓட்டையைப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும் என்று வாதிட்டார். 1960-இல் யெஹோஷுவா பார்-ஹிலெல் அதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டார். பெட்டி ‘பென்’னுக்குள் இருந்தது என்று ஒரு வாக்கியம். இந்தப் ‘பென்’ எழுதும் பேனாவா, குழந்தை விளையாடும் கம்பி அடைப்பா? பேனாவுக்குள் பெட்டி நுழையாது என்று மனிதருக்குத் தெரியும், இயந்திரத்துக்கு யார் சொல்வது என்று கேட்டார். இன்றைய மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் கோடிக்கணக்கான வாக்கியங்களில் எந்தச் சொல் எதனோடு சேர்ந்து வருகிறது என்று கற்றுத்தான் பெருமளவு தேறியிருக்கின்றன.

ஆங்கிலம் கற்க 850 சொற்களே போதும் என்று 1930-இல் சி.கே. ஆக்டன் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற சுருக்க மொழியை வகுத்தார். அதில் வினைகள் வெறும் 18. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது சர்ச்சில்கூட அதை ஆதரித்துப் பேசினார். பட்டியல் சிறியதுதான். ஆனால் ‘கெட்’, ‘புட்’, ‘டேக்’ போன்ற சொற்கள் பக்கத்தில் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ சேர்ந்ததும் முற்றிலும் வேறு பொருள் தரும் என்பதைக் கற்பவர் எப்படிச் சமாளிப்பார்? ‘ரன்’னையே பாருங்கள். ‘ரன் டவுன்’ என்றால் பேட்டரி தீர்வது, பாதசாரி மேல் மோதுவது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது. ‘ரன் இன்டு’ என்றால் சுவரில் இடிப்பது, பழைய நண்பரை வழியில் எதிர்பாராமல் பார்ப்பது, செலவு லட்சங்களைத் தொடுவது. ‘ரன் அப்’ என்றால் கடனை ஏறவிடுவது, கொடியேற்றுவது, ஒரு சட்டையைச் சட்டென்று தைத்துக் கொடுப்பது. எல்லாம் இரண்டு சின்னச் சொற்களின் கூட்டு.

நம் மாணவர்கள் போட்டித் தேர்வுக்காக நீளமான ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அது வீண் உழைப்பல்ல. ஆனால் நேர்முகத் தேர்விலும் அலுவலகத்திலும் அவர்களைத் திணற வைப்பது பெரும்பாலும் பட்டியலில் இல்லாத சின்னச் சொற்கள்தான். மர்ரேவின் வாசகர்கள் விட்ட அதே இடத்தில் நம் பிள்ளைகளும் விடுகிறார்கள்.

இதை முன்பே உணர்ந்து வழி சொன்னவர்கள் உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, பிறமொழிக்காரருக்குச் சொல்லின் பொருள் மட்டும் போதாது, அது வாக்கியத்தில் உட்காரும் விதமும் வேண்டும் என்று கண்டார். அந்த நோக்கில் அவர் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளியானது. பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்ட் அதை எடுத்துப் பதிப்பித்தது. நம் பள்ளி நூலகங்களில் இருக்கும் ‘அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’ அகராதி அதன் வழி வந்ததுதான். 1987-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி, கணினியில் திரட்டிய உண்மையான வாக்கியங்களை வைத்தே பொருள் சொன்னது. விளக்கத்தையும் முழு வாக்கியமாகவே எழுதியது. தமிழில் 1992-இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் தந்து இதே பாதையில் சென்றது.

ஆங்கில ஆசிரியர்களும் பெற்றோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு சின்னச் சொல் போதும். ‘ரன்’, ‘செட்’, ‘டேக்’, ‘கெட்’ என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். கைப்பேசி காட்டும் முதல் பொருளோடு நிறுத்தாமல், நல்ல அகராதி ஒன்றில் அந்தப் பதிவை முதலிலிருந்து கடைசி வரை பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். புதிதாகத் தெரியும் ஒவ்வொரு பொருளையும் தனிச் சொல்லாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுதவையுங்கள். பக்கத்திலேயே அதற்குத் தமிழில் வீட்டில் எப்படிச் சொல்வோம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இதற்குத் தேவை ஒரு நோட்டும் ஒரு அகராதியும் வாரத்துக்கு அரை மணி நேரமும்தான்.